எப்சத்தில 35 கவுன்சிலர், இனி 10 பேர்: ஆர் ஆருக்கு அதிகாரம் குடுக்கினம்?

வாற 2027 ஏப்ரல் 1ஆம் திகதியோட லண்டனை ஒட்டின சரே கவுன்ரியில இருக்கிற எங்கட எப்சம் அண்ட் யூவல் பொரோ கவுன்சில் முடிஞ்சுது. 1937இல பொரோ எண்டு பட்டயம் வாங்கின கவுன்சில். அண்டையில இருந்து இண்டைவரைக்கும் லேபரும் ஆளேல்லை, கொன்சர்வேட்டிவும் ஆளேல்லை, உள்ளூர் றெசிடன்ஸ் அசோசியேசன்காரர்தான் ஆண்டுகொண்டு வருகினம். இங்கிலாந்தில இப்பிடி இன்னொரு இடம் காட்டுறது கஷ்டம். அந்தக் கவுன்சில் மட்டுமில்லை, சரேயில உள்ள மற்ற பத்து டிஸ்ட்ரிக்டும், அதுகளுக்கு மேல இருக்கிற சரே கவுன்ரி கவுன்சிலும் எல்லாம் ஒரே நாளில இல்லாமப் போய், ஈஸ்ட் சரே, வெஸ்ட் சரே எண்டு ரெண்டே ரெண்டு கவுன்சில் வரப்போகுது. எப்சம், எல்ம்பிரிட்ஜ், மோல் வலி, றைகேற், டான்ட்ரிட்ஜ் இதெல்லாம் கிழக்கு. கில்ஃபோர்ட், வோக்கிங், ஸ்பெல்தோன், ரனிமீட், சரே ஹீத், வேவர்லி மேற்கு. 2025 ஒக்டோபர் கடைசியில அரசாங்கம் முடிவைச் சொல்லிட்டுது, 2026 மே 7 எலெக்சன்.

எங்கட ஆக்களிட்ட இதைப் பற்றிக் கதைச்சால் முதல் கேள்வி ஒண்டுதான். "அண்ணை, அப்ப எங்கட வீடு லண்டனுக்குள்ள வருமோ?" சிரிக்கிற கேள்வியில்லை இது. வூஸ்டர் பார்க் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு வடிவா விளங்கும், ஏனெண்டால் அந்த ஒரு ஊரையே கிங்ஸ்டன், சட்டன், எப்சம் எண்டு மூண்டு கவுன்சில் பங்கு போட்டு வச்சிருக்குது. ஒரு றோட்டில இருக்கிற அம்மம்மாவுக்கு லண்டன் முதியவைக்குக் குடுக்கிற இலவசப் பயண அட்டை, ஃப்ரீடம் பாஸ், இருக்கு, அவ ட்ரெயின், ட்யூப், ட்ராம் எல்லாத்திலயும் ஏறி ஈஸ்ட் ஹாம் கோயிலுக்குப் போய்வருவா. நாலு றோட்டு தள்ளி இருக்கிற அம்மம்மாவிட்ட இருக்கிறது பஸ் பாஸ் மட்டும், ஏனெண்டால் அவ சரே. சிவப்பு லண்டன் பஸ் 406உம் 418உம் எப்சம் ரவுனுக்குள்ளயே வந்து திரும்புது, ஆனா எப்சம் லண்டன் இல்லை. அதால சனம் கேக்கிறதில நியாயம் இருக்கு. பதில்: இல்லை, லண்டன் எல்லை அசையாது. லண்டன் பொரோக்களை இந்த மாற்றம் தொடவே இல்லை, அவை ஏற்கனவே ஒற்றை அடுக்குத்தான்.

ஒற்றை அடுக்கு, ரெண்டு அடுக்கு எண்டதுதான் இந்த முழுக் கதையும். ரெண்டு அடுக்கு எண்டால் ஒரே இடத்தின்ர வேலையை டிஸ்ட்ரிக்டும் (எங்கட பொரோவும் ஒரு டிஸ்ட்ரிக்ட்தான்) கவுன்ரியும் பங்கு போட்டுச் செய்யிறது, ஒற்றை அடுக்கு எண்டால் எல்லாத்தையும் ஒரே கவுன்சில் செய்யிறது. தெரியாத ஆக்களுக்கு எண்டு நான் வழமையாக் காட்டுற இடம் யூவலில இருக்கிற போர்ண் ஹோல். 1970இல திறந்த கட்டடம், வட்டமா, பறக்கும் தட்டு ஒண்டு பார்க்குக்குள்ள இறங்கி நிண்ட மாதிரி இருக்கும். கட்டடம் பொரோவின்ர. மேல இருக்கிற மியூசியமும் பொரோவின்ர. ஆனா அதே கூரைக்குக் கீழ இருக்கிற லைப்ரரி கவுன்ரியின்ர. புத்தகம் பிந்தினால் தண்டம் கேக்கிறவர் ஒரு கவுன்சில், அதே கட்டடத்தில பிறந்தநாள் பார்ட்டிக்கு ஹோல் புக் பண்ணிறது மற்றக் கவுன்சில். வெளியில வந்தால் வாசல் பார்க் பொரோவின்ர, அதுக்கு அங்கால றோட்டு கவுன்ரியின்ர, அந்த றோட்டில வாற குப்பை லொறி பொரோவின்ர, அந்த லொறி கொண்டுபோய்க் கொட்டுற குப்பையை அழிக்கிற பொறுப்பு திரும்பக் கவுன்ரியின்ர. குப்பையை எடுக்கிறது ஒரு கவுன்சில், எரிக்கிறது இன்னொரு கவுன்சில். இதை நான் பகிடிக்குச் சொல்லேல்லை, சட்டத்தில அப்பிடித்தான் பிரிச்சு வச்சிருக்கு.

வீடு, பிளானிங், லைசன்ஸ், குப்பை, பார்க், கார் பார்க், இதெல்லாம் டிஸ்ட்ரிக்ட். பள்ளிக்கூடம், விசேட தேவையுள்ள பிள்ளையளின்ர படிப்பு, வயசானவைக்கான பராமரிப்பு, றோட்டு, லைப்ரரி, தீயணைப்பு, இதெல்லாம் கவுன்ரி. பிளானிங் குடுக்கிறவர் ஒராள், அந்தப் புது வீடுகளுக்கு றோட்டும் பள்ளிக்கூடமும் யோசிக்க வேண்டியவர் இன்னொராள். கவுன்சில் ரக்ஸ் எண்ட வீட்டு வரிக்குப் பில் அனுப்புறது பொரோ, திட்டு வாங்கிறதும் பொரோ, ஆனா 100 பவுண்ஸ் கட்டினீங்கள் எண்டால் 75க்கு மேல கவுன்ரிக்குப் போகுது, 14 அளவில பொலிசுக்கு, மிச்சம் ஒரு 10 பவுண்ஸ்தான் பொரோவுக்கு. பில்லை மடிச்சு வைக்க முதல் அந்தச் சின்ன அட்டவணையை ஒருக்காப் பாருங்கோ, கனபேர் பாக்கிறதேயில்லை.

ஆகவே இதை ஒண்டாக்கிறது நல்லது எண்டதில எனக்கு மறுப்பில்லை. இதை முதலே சொல்லிப்போட்டுத்தான் மிச்சத்தைக் கதைக்க வேணும், இல்லாட்டி பழசைப் பிடிச்சுத் தொங்கிறான் எண்டு நினைப்பீங்கள். ஒரு நம்பர், ஒரு வெப்சைட், ஒரு பொறுப்பு, அது வேணும். இங்கிலிஷ் வடிவா வராத, புதுசா வந்த ஒரு குடும்பத்துக்கு ரெண்டு கவுன்சில் எண்டது பெரிய தலையிடி.

இந்த யோசினை புதுசும் இல்லை. 1969இல ரெட்கிளிஃப்-மோட் கமிசன் எண்டு ஒண்டு இதைத்தான் சொன்னது: லண்டனுக்கும் மூண்டு பெரிய நகரப் பகுதிகளுக்கும் வெளியில, நாடு முழுக்க 58 ஒற்றைக் கவுன்சில் வையுங்கோ. ஹரல்ட் வில்சன் சரியெண்டார், 1970 எலெக்சனில தோத்தார், பிறகு வந்த ஹீத் அரசாங்கம் அதைத் தூக்கி எறிஞ்சுபோட்டு 1972இல ரெண்டு அடுக்குச் சட்டம் கொண்டுவந்தது, 1974 ஏப்ரலில அமுல். அந்த முறையில ரட்லன்ட் எண்ட குட்டிக் கவுன்ரியை லெஸ்டர்ஷயர் விழுங்கிச்சுது, சனம் விடேல்லை, 1997இல ரட்லன்ட் திரும்பி வந்துது, இப்ப திரும்பவும் பெரிசோட சேர்க்கிற கதை. 1986இல தட்சர் அம்மா லண்டன் கவுன்சிலையே மூடினா, 2000இல வேற பேரில திரும்ப வந்துது. எவன் வந்தாலும் கோட்டை அழிச்சு அழிச்சுக் கீறினதுதான் இந்த நாட்டின்ர உள்ளூராட்சி வரலாறு.

சரேயின்ர கதை இன்னும் விசேஷம். 1965இல பெரிய லண்டனை உருவாக்கேக்க கிங்ஸ்டன், சட்டன், குறோய்டன், ரிச்மண்ட் எல்லாத்தையும் சரேயில இருந்து வெட்டி லண்டனுக்குக் குடுத்தாங்கள். 1960இல வந்த ஹேபேட் கமிசன் அறிக்கையில எப்சமும் லண்டனுக்குள்ள போறதா இருந்தது, உள்ளூர்க்காரர் எதிர்த்துத் தப்பிச்சினம் (அந்த எதிர்ப்பு இல்லாமலிருந்தால் இண்டைக்கு எங்கட அம்மம்மாமாருக்கு ஃப்ரீடம் பாஸ் கிடைச்சிருக்கும், அதையும் சொல்லவேணும்). ஆனா சரே கவுன்ரியின்ர தலைமைக் கட்டடம் எங்க இருந்தது? கிங்ஸ்டனில. தங்கட எல்லைக்குள்ளயே இல்லாத ஒரு ரவுனில இருந்து 50 வருஷத்துக்கு மேல சரேயை ஆண்டினம், கிட்டடியிலதான் றைகேற் பக்கம் குடிபோனவை. உள்ளூர், உள்ளூர் எண்டு கதைக்கிற நாட்டில இதை ஒருத்தரும் பெரிசா எடுத்ததாத் தெரியேல்லை.

சரி, இப்ப ஏன்? 2024 டிசம்பர் 16இல லேபர் அரசாங்கம் ஒரு வெள்ளை அறிக்கை விட்டது. ரெண்டு அடுக்கு உள்ள இடமெல்லாம் ஒற்றை அடுக்கா மாறவேணும், ஒவ்வொண்டிலயும் கிட்டத்தட்ட 5 லட்சம் சனம் இருக்கவேணும், அதுகளுக்கு மேல மேயர் வரவேணும். அந்த நேரம் 21 கவுன்ரியும் 164 டிஸ்ட்ரிக்டும் ரெண்டு அடுக்கில இருந்தது. எல்லாத்தையும் ஒரே மூச்சில மாத்திறது 1974க்குப் பிறகு இதுதான் முதல் தரம். சரேயை ஏன் வரிசையில முன்னுக்குத் தள்ளினவை எண்டால், காரணம் கடன்.

வோக்கிங் ரவுனுக்குப் போன ஆக்கள் அந்த உயர்ந்த கட்டடங்களைப் பாத்திருப்பீங்கள், பக்கத்தில ஹில்டன் ஹோட்டல். விக்டோரியா ஸ்குவயர். ஸ்ரேசனில இறங்க முதலே கண்ணுக்குத் தெரியும். ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல சனம் உள்ள ஒரு டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் கடன் எடுத்துக் கட்டுவிச்சது அது. 2023 ஜூன் 7ஆம் திகதி அந்தக் கவுன்சில் செக்சன் 114 நோட்டிஸ் விட்டது, அதாவது கையில காசில்லை, புதுசா ஒண்டும் செலவழிக்கேலாது எண்ட அறிவிப்பு. அந்த வருஷத்துக்கு அவையிட்ட இருந்த அடிப்படைப் பணம் 16 மில்லியன் பவுண்ஸ், பற்றாக்குறை 1.2 பில்லியன். இந்த ரெண்டு இலக்கத்தையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாருங்கோ. அடுத்த வருஷம் வோக்கிங் சனத்தின்ர கவுன்சில் ரக்ஸ் பொரோ பங்கு 10 வீதத்துக்குக் கிட்ட ஏறிச்சுது.

வோக்கிங் மட்டும் செய்த கூத்தில்லை. ஸ்பெல்தோன் 2016இல சன்பரியில பிபி கொம்பனியின்ர வளாகத்தை 350 மில்லியனுக்கு மேல குடுத்து வாங்கினது. சரே ஹீத் கம்பர்லி ஷொப்பிங் சென்டரை வாங்கினது. ஏன் இவை வாங்கினவை எண்டதுக்கும் காரணம் இருக்கு. 2010க்குப் பிறகு மத்திய அரசாங்கம் கவுன்சில்களுக்குக் குடுக்கிற காசை வெட்டு வெட்டெண்டு வெட்டிச்சுது, அதே அரசாங்கத்தின்ர கடன் சபை குறைஞ்ச வட்டிக்குக் காசை நீட்டிச்சுது, வாடகை வருமானத்தில தப்பிக்கலாம் எண்டு கவுன்சில்கள் ஷொப்பிங் சென்டரும் ஒஃபிஸும் வாங்கிச்சுதுகள். 2020 கடைசியிலதான் லாபத்துக்காகக் கட்டடம் வாங்க இனிக் கடன் இல்லை எண்டு கதவைச் சாத்தினவை. சாத்த முதல் எல்லாம் நடந்து முடிஞ்சுது. பிழை கவுன்சிலிலயும் இருக்கு, ஆனா கையைக் கட்டிப்போட்டுக் கடன் அட்டையைக் குடுத்தது ஆர் எண்டும் கேக்கவேணும்.

இப்ப இந்தக் கடனெல்லாம் வெஸ்ட் சரேக்குப் போகுது. அரசாங்கம் வோக்கிங் கடனில 500 மில்லியனை ஆரம்பமாத் தான் கட்டுறன் எண்டு சொல்லியிருக்கு, அது பெரிய விஷயம்தான், ஆனா மிச்சம் மிச்சம்தானே. கில்ஃபோர்டில இருக்கிறவை, தாங்கள் ஒரு செங்கலும் வைக்காத ஹில்டனுக்குத் தவணை கட்டப்போகினம். நாங்கள் கிழக்குப் பக்கம் விழுந்ததால கொஞ்சம் தப்பிச்சம். வோக்கிங்கில இருக்கிற எங்கட சொந்தக்காரருக்கு முன்னால இதை நான் சத்தமாச் சொல்லுறதில்லை. சரேயை மூண்டாப் பிரிக்கச் சொல்லித்தான் டிஸ்ட்ரிக்டுகளில கனக்கக் கேட்டது, கவுன்ரி ரெண்டு எண்டது, அரசாங்கம் ரெண்டு எண்டே எடுத்தது. கடனைத் தாங்கப் பெரிய தோள் வேணும் எண்ட கணக்கு. கணக்கு விளங்குது. ஆனா அதைக் கணக்கு எண்டே சொல்லியிருக்கலாம்.

எனக்குப் பிரச்சினை வாற இடம் இதுதான். 2025 ஜூலையில பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்த சட்டமூலத்தின்ர பேர் இங்கிலாந்து அதிகாரப் பரவலாக்கம், சமூக வலுவூட்டல் சட்டமூலம். பரவலாக்கம் எண்டால் மேல இருக்கிறது கீழ வரவேணும். எங்கட எப்சத்தில என்ன நடக்குது? 81,000 அளவில சனம், இப்ப 35 பொரோ கவுன்சிலர், அதோட கவுன்ரிக்கு 5 பேர். இனி ஈஸ்ட் சரேக்குப் போற எங்கட ஆக்கள் 10 பேர், மொத்தம் 72 பேர் இருக்கிற சபையில. சரே முழுக்க எடுத்தால் 500க்கு மேல இருந்த கவுன்சிலர்மார் 162 ஆகினம். 80,000 பேருக்குப் பக்கத்தில இருந்த பிளானிங் முடிவு அஞ்சரை லட்சம் பேருக்கு ஒரு கவுன்சிலுக்குப் போகுது. குப்பையும் பார்க்கும் லைசன்ஸும் மேல போகுது. எப்சம் கமிட்டி முறையில ஓடுற கவுன்சில், அதாவது எல்லாக் கட்சி கவுன்சிலர்மாரும் கமிட்டியளில இருந்து முடிவெடுப்பினம். புதுச் சட்டமூலம் அந்த முறையையே அனேகமா எல்லா இடத்திலயும் நிப்பாட்டி, ஒரு லீடர், அவருக்கு ஒரு கபினெட் எண்டு வைக்கச் சொல்லுது. சாதாரண கவுன்சிலர் எண்டால் கை தூக்க மட்டும்.

கீழ இருந்து மேல போனதை எண்ணியாச்சு. மேல இருந்து கீழ வந்தது என்ன? கவுன்சில் ரக்ஸை வருஷத்துக்கு 5 வீதத்துக்கு மேல கூட்ட வேணுமெண்டால் சர்வசன வாக்கெடுப்பு வைக்கவேணும், அந்த வரம்பு லண்டனில இருக்கிற மத்திய அரசாங்கம் போடுறது. உங்கட வீட்டுக்கு ரக்ஸ் போடுறது 1991ஆம் ஆண்டு விலையை வச்சு, அதை மாத்திற துணிவு எந்த அரசாங்கத்துக்கும் இல்லை, கவுன்சிலுக்கு அதிகாரமும் இல்லை. கடையளின்ர பிஸ்னஸ் ரேட்டை முடிவெடுக்கிறதும் லண்டன். எத்தனை வீடு கட்டவேணும் எண்ட இலக்கும் லண்டன். இதில ஒண்டும் அசையேல்லை. 2025 நவம்பர் பட்ஜெட்டில, மேயர் உள்ள இடங்களுக்கு ஹோட்டலில தங்கிறவையிட்ட ஒரு சின்ன வரி போட அதிகாரம் குடுக்கிறம் எண்டவை, நல்ல விஷயம், ஆனா சரேக்கு இன்னும் மேயரே இல்லை. சசெக்ஸ், எசெக்ஸ், ஹம்ஷயர், நோர்ஃபோக்-சஃபோக் பக்கங்களுக்கு 2026இல மேயர் எலெக்சன் எண்டு சொல்லிப்போட்டு அதையும் 2028க்குத் தள்ளியாச்சு.

உண்மையாப் பரவலாக்கம் எண்டால் என்ன எண்டு பாக்க மன்செஸ்டருக்குப் போகவேணும். 1986இல லண்டனுக்கு வெளியில பஸ் எல்லாத்தையும் தனியாருக்குத் திறந்துவிட்டினம், எந்த றூட் ஓடும், எவ்வளவு காசு எண்டு கொம்பனிதான் முடிவெடுக்கும், கவுன்சிலால வாய் திறக்கேலாது. 2014இல மன்செஸ்டர்காரர் அரசாங்கத்தோட ஒப்பந்தம் போட்டினம், 2017இல அண்டி பேர்ணம் மேயரா வந்தார், அதே வருஷம் பஸ்ஸைத் திரும்பக் கட்டுப்பாட்டில எடுக்கிற சட்டமும் வந்தது. கொம்பனியள் கோட்டுக்குப் போய்த் தோத்தது. 2023 செப்ரெம்பரில போல்டன், விகன் பக்கம் மஞ்சள் பஸ் இறங்கிச்சுது, 2025 ஜனவரியோட முழு மன்செஸ்டரும் முடிஞ்சுது. அங்க இருக்கிற எங்கட சினேகிதர் ஒருத்தர் சொல்லுவார், பஸ் வராட்டி இப்ப ஆரைத் திட்டுறது எண்டு தெரியும், அதுவே பெரிய முன்னேற்றம். அதிகாரம் லண்டனில இருந்து மன்செஸ்டருக்கு வந்தது, அந்த அதிகாரத்தோட கேள்வி கேக்க ஒரு முகமும் வந்தது. பெரிய கவுன்சில் செய்ததால வந்ததில்லை. அங்க இருக்கிற பத்துக் கவுன்சிலும் அப்பிடியே இருக்கு, ஒண்டையும் மூடேல்லை.

பரவலாக்கம் எண்ட பேச்சைக் கேட்டால் எங்கட ஆக்களுக்கு மற்றவையைவிடக் காது கூர்மை. 1987இல இலங்கை இந்திய ஒப்பந்தம், 13ஆம் திருத்தம், மாகாண சபை. பேப்பரில காணி இருக்கு, பொலிஸ் இருக்கு, கையில வரேல்லை. வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்ததே 2013 செப்ரெம்பரில, 2018 ஒக்டோபரில அதின்ர காலம் முடிஞ்சுது, பிறகு தேர்தல் இல்லை, ஆளுநர்தான். சரேயையும் யாழ்ப்பாணத்தையும் ஒண்டெண்டு நான் சொல்ல வரேல்லை, அது விசர்க்கதை. ஆனா ஒரு பழக்கம் எங்களுக்கு வந்திட்டுது: அதிகாரம் குடுக்கிறம் எண்டு ஆரும் சொன்னால், காசு ஆரிட்ட, எலெக்சன் எப்ப எண்டு ரெண்டையும் கேக்கிற பழக்கம். 2025 மே மாதத்தை எடுங்கோ. சரே கவுன்ரிக்கு மே 1இல நடக்கவேண்டிய எலெக்சனை, மறுசீரமைப்பு வரப்போகுது எண்டு சொல்லித் தள்ளிவச்சினம், சரேயோட சேர்த்து ஒன்பது கவுன்சிலுக்கு. அஞ்சு நாள் கழிச்சு மே 6இல, ரெண்டு வருஷமாக் காசில்லை எண்டு இழுபட்ட இலங்கை உள்ளூராட்சித் தேர்தல் ஒருவழியா நடந்து முடிஞ்சுது. யூவலில இருந்துகொண்டு ஊர்ப் பிரதேச சபை முடிவை ஃபோனில பாத்துக்கொண்டிருந்தன், இஞ்ச வோட்டுப் போட ஒண்டும் இல்லை.

அரசாங்கத்திட்டக் கேட்டால், கீழ சமூகத்துக்கும் வழி வச்சிருக்கிறம் எண்டு சொல்லுவினம். ஒவ்வொரு பகுதிக்கும் அயல் கமிட்டி மாதிரி ஒண்டு வைக்கவேணும் எண்டு சட்டமூலத்தில இருக்கு. புதுக் கவுன்சிலர்மார், டொக்டர் சேர்ஜரி ஆக்கள், பொலிஸ், உள்ளூர் சங்கங்கள் எல்லாரும் ஒரு மேசையில இருப்பினம். நல்லது. ஆனா அந்த மேசையில காசு இல்லை. கூடிக் கதைச்சு, மினிட்ஸ் எழுதி, தேத்தண்ணி குடிச்சுப்போட்டுப் போறதுக்கு எங்களிட்ட ஏற்கனவே பழைய மாணவர் சங்கங்கள் இருக்கு.

காசோட இருக்கிற அடுக்கு எண்டால் பரிஷ் கவுன்சில், ரவுன் கவுன்சில். இங்கிலாந்தில 10,000 அளவில இருக்கு. அதுகள் கவுன்சில் ரக்ஸ் பில்லிலயே தங்கட பங்கைச் சேர்க்கலாம், பெரிய கவுன்சிலுக்கு இருக்கிற 5 வீத வரம்பு அதுகளுக்கு இல்லை. முந்தி ஒற்றைக் கவுன்சில் வந்த இடங்களிலயெல்லாம் இதுதான் நடந்தது. 2009இல வில்ட்ஷயர் ஒண்டானவுடன சோல்ஸ்பரிக்குத் தனியா ஒரு சிற்றி கவுன்சில் வந்துது. நோர்தாம்டன் கவுன்ரி 2018இல ரெண்டு தரம் செக்சன் 114 விட்டு விழுந்து, 2021இல ரெண்டாப் பிரிஞ்சுது, நோர்தாம்டன் ரவுனுக்கு ஒரு ரவுன் கவுன்சில் வந்துது. நோர்த் யோர்க்ஷயர் 2023இல ஒண்டாச்சு, ரெண்டு வருஷத்தில ஹரகேட்டும் ஸ்காபரோவும் ரவுன் கவுன்சில் கேட்டு வாங்கிச்சுதுகள். அதாவது ரெண்டு அடுக்கை ஒண்டாக்கினால், கொஞ்சக் காலத்தில சனம் கீழ இன்னொரு அடுக்கைக் கட்டிப்போடுது. பக்கத்தில ஒரு கவுன்சில் இல்லாமல் ரவுன் ஒண்டு இருக்கேலாது எண்டு சனத்துக்குத் தெரியுது. எப்சத்தில பரிஷ் கவுன்சில் ஒண்டுகூட இல்லை, ஏனெண்டால் பொரோவே அந்த வேலையைச் செய்தது. இனி வேணுமா, வந்தால் பில்லில எவ்வளவு கூடும் எண்ட வாதம் நடக்குது. எனக்குக் கேட்டால் வேணும். ஆனா போர்ண் ஹோல் மாதிரிச் சொத்தையும் அதோட சேர்த்துக் குடுத்தால்தான். பூச்சாடிக்குத் தண்ணி ஊத்திற கவுன்சிலா வாறதெண்டால் வேண்டாம்.

சொத்து எண்டது எங்கட ஆக்களுக்கு நேரடியாத் தொடுற விஷயம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம், நடன வகுப்பு, மிருதங்கம், பட்மின்ரன், அந்தியேட்டி, சாமத்தியவீடு, எல்லாம் ஆரோ ஒருத்தரின்ர ஹோலிலதான் நடக்குது. பள்ளிக்கூட ஹோல், சேர்ச் ஹோல், கவுன்சில் கொமியூனிட்டி சென்டர். 2027 ஏப்ரலில டிஸ்ட்ரிக்டுகளின்ர கட்டடங்களெல்லாம் புதுக் கவுன்சிலுக்கு மாறும். மேற்குப் பக்கத்தில கடன் நெரிக்கேக்க எதை முதல் விப்பினம்? றோட்டை விக்கேலாது. கார் பார்க்கையும் ஹோலையும்தான். இதுக்குச் சட்டமூலத்தில ஒரு நல்ல பகுதி இருக்கு. இதுவரைக்கும் 2011 சட்டத்தின்படி, ஒரு கட்டடத்தைச் சமூகச் சொத்து எண்டு பதிஞ்சு வச்சால், விக்கேக்க ஆறு மாதம் பொறுக்கச் சொல்லலாம், அவ்வளவுதான், சொந்தக்காரன் பிறகு தன்ர விருப்பத்துக்கு விக்கலாம். புதுச் சட்டத்தில 12 மாதம், அதோட முதல் உரிமை சமூகத்துக்கு. காசு சேர்த்தால் உங்களுக்குத்தான் விக்கவேணும். கேக்க நல்லாயிருக்கு. ஆனா இப்பிடி வாங்கிறவைக்கு உதவி செய்ய எண்டு 2021இல தொடங்கின 150 மில்லியன் நிதியை, வெள்ளை அறிக்கை வந்த அதே 2024 டிசம்பரில மூடிப்போட்டினம். உரிமை வந்துது, பை போச்சுது. பிறகு 2025 செப்ரெம்பரில வேற ஒரு திட்டம் அறிவிச்சினம், பத்து வருஷத்துக்கு 20 மில்லியன் வரை எண்டு, ஆனா அது வறுமை கூடின பகுதியளுக்கு, அதில பிழையில்லை, சரேயின்ர பேர் அந்த மாதிரிப் பட்டியலில லேசில வராது.

கடை வச்சிருக்கிற ஆக்கள் ஒருக்கா நிண்டு கேளுங்கோ, இதே சட்டமூலத்தில உங்களுக்கு ஒண்டு இருக்கு. இனிப் புதுசா எழுதிற கடை லீசுகளில, வாடகை மீளாய்வில கூடலாம் ஆனா குறையேலாது எண்ட பந்தியைத் தடை செய்யப் போகினம். பழைய லீசுக்கு இல்லை, புதுசுக்கு. லீஸ் முடியிற நேரத்தில இருக்கிறவை சொலிசிற்றரிட்டக் கேட்டுப்போட்டுக் கையெழுத்து வையுங்கோ. கவுன்சில் கதைக்குள்ள இது ஏன் வந்தது எண்டு எனக்கும் முதல் விளங்கேல்லை, ஹை ஸ்ட்ரீட்டைக் காப்பாத்திற பகுதியாச் சேர்த்திருக்கினம். எனக்கு இந்தச் சட்டமூலத்தில ஆகப் பிடிச்ச பகுதி இதுதான், இதுக்குக் கவுன்சிலே தேவையில்லை எண்டது வேற கதை.

கடைசியா வோட்டு. மே 7இல தெரிவாகிறவை 2027 ஏப்ரல் மட்டும் நிழல் கவுன்சிலா இருப்பினம், பழைய பொரோவும் கவுன்ரியும் அதுவரைக்கும் குப்பை எடுத்துக்கொண்டும் றோட்டுப் போட்டுக்கொண்டும் இருக்கும். ஒரு வார்டுக்கு ரெண்டு பேர், ஆகவே ரெண்டு புள்ளடி போடலாம், ஒண்டோட விட்டுப்போட்டு வராதேங்கோ. சிற்றிசன்சிப் இல்லாட்டி வோட்டு இல்லை எண்டு கனபேர் நினைச்சுக்கொண்டிருக்கினம், அது பிழை. சிறிலங்கா, இந்தியா பாஸ்போட் வச்சு இஞ்ச சட்டப்படி இருக்கிறவைக்கு கொமன்வெல்த் ஆக்கள் எண்ட முறையில வோட்டு இருக்கு. ஐரோப்பாவில இருந்து வந்த எங்கட ஆக்களுக்குத்தான் சிக்கல்: 2020 டிசம்பர் முடிய முதல் வந்து தொடர்ந்து சட்டப்படி இருக்கிற ஜேர்மன், ஃபிரெஞ்ச், ஒல்லாந்து பாஸ்போட்காரர் போடலாம், அதுக்குப் பிறகு வந்தவை போடேலாது. டென்மார்க் பாஸ்போட் எண்டால் பிறகு வந்தாலும் போடலாம், அதுக்குத் தனி ஒப்பந்தம் இருக்கு. நோர்வே பாஸ்போட்டுக்கு இங்கிலாந்தில ஒருநாளும் வோட்டு இருந்ததில்லை. ஒரே வீட்டில தமையனுக்கு வோட்டு, தம்பிக்கு இல்லை எண்டு இருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இந்த எலெக்சனுக்கு 2026 ஏப்ரல் 20க்குள்ள பதியவேணும். சிறிலங்கா பாஸ்போட்டே ஃபோட்டோ ஐடியாச் செல்லும், காலாவதியானாலும் முகம் விளங்கினால் சரி. கதவைத் தட்டி வாற வேட்பாளரிட்ட நான் கேக்கப்போறது ரெண்டு கேள்விதான்: புதுக் கவுன்சில் கையில எடுக்கிற ஹோலுகளின்ர பட்டியலை எலெக்சனுக்கு முதல் வெளியில விடுவீங்களோ, அதில எதை விக்கமாட்டம் எண்டு எழுத்தில தருவீங்களோ. முதல் வந்த றெசிடன்ஸ் அசோசியேசன்காரர் அதைத் தன்ர கொப்பியில எழுதிக்கொண்டு போனவர். மற்றக் கட்சியள் இன்னும் எங்கட றோட்டுப் பக்கம் வரேல்லை.